ஒரு பிள்ளைக்குச் சொன்ன பதில்

ஷெர்லின் டீச்சரின் திரைக்குக் கேள்வி வந்து பல நாளாகியிருந்தது. காலையில் வந்து பூட்டைத் திறப்பாள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மேஜையைத் துடைத்து, ஃபேனைப் போட்டுவிட்டு உட்காருவாள். சாயங்காலம் ஃபேனை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்திப் பூட்டிவிட்டுப் போவாள். நடுவில் வேலை எதுவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பதற்கென்றே அரசாங்கம் தன்னை வைத்திருக்கிறதோ என்று சில சமயம் அவளுக்குத் தோன்றும்.

திருச்சி பொன்மலையில் ரயில்வே பணிமனையைத் தாண்டிப் போனால் அந்த மூன்று மாடிக் கட்டடம் வரும். வாசலில் ‘பதில் நிலையம்’ என்று எழுதியிருக்கும். ஒரு காலத்தில் மூன்று மாடியிலும் ஆசிரியர்கள் நிறைந்திருந்தார்கள். மத்தியானம் டிபன் பாக்ஸ்களைத் திறந்தால் எலுமிச்சை சாத வாசனையும் கருவாட்டு வாசனையும் சண்டை போடும். கணக்கு வாத்தியார்கள் ஓயாமல் ஒருவரோடு ஒருவர் தர்க்கம் செய்வார்கள். இப்போது கீழ்மாடியும் மேல்மாடியும் பூட்டிக் கிடந்தன. நடுமாடியில் அறிவியலுக்கு அவள் ஒருத்தி. கணக்குக்கு ஆள் தேவைப்படாமல் போய் ரொம்பக் காலமாகிறது. பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்விகளில் கணக்குதான் முதலில் தீர்ந்துபோனது.

கேள்விகள் தீர்ந்துபோகும் என்று அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட காலத்தில் யாரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை.

அப்போது அவள் குலசேகரத்தில் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். நல்ல பாடங்கள் எல்லாம் பெரிய பயிற்சி நிறுவனங்களின் பூட்டுக்குள் இருந்தன. அவளுடைய பிள்ளைகளுக்குக் கரும்பலகையும் அவளும்தான். ஒரு பாடத்தை எப்படிச் சொன்னால் பிள்ளைக்குப் புரியும் என்று அவள் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடிப்பாள். அதே பாடத்துக்கு அதே வழியைத் தர்மபுரியில் இன்னொரு டீச்சர் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்திருப்பார். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. கல்விச் சட்டத்துக்காக நாகர்கோவிலில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தபோது, ரப்பர் தோட்ட வேலைக்குப் போகும் அம்மாக்களோடு அவளும் போனாள். மேடையில் ஏறியதும் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. “ஒரு பிள்ளைக்குச் சொன்ன பதில் எல்லாப் பிள்ளைக்கும் சொன்னதாக இருக்க வேண்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். திறந்த கல்விச் சட்டம் வந்தபோது அதன் முதல் வரி அதுவாகவே இருந்தது.

சட்டம் எளிமையானது. பொதுக் களஞ்சியத்துக்குள் ஒரு பதில் வந்துவிட்டால் அது நாட்டுக்கே சொந்தம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், மொழிபெயர்க்கலாம், திருத்தலாம். எழுதியவர் பெயர் மட்டும் அடியில் இருக்க வேண்டும். கொடுத்ததை ஒருபோதும் திரும்பப் பெற முடியாது. நாடெங்கும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு மின் பலகை. பிள்ளை கேட்டால், களஞ்சியத்தில் ஏற்கெனவே பதில் இருந்தால், அந்தப் பிள்ளையின் மொழியில், அதற்குப் பிடித்த குரலில், அந்தக் கணமே பலகை சொல்லிவிடும். இல்லாத கேள்வி மட்டும் ஒரு பதில் நிலையத்துக்கு வரும். அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து எழுதுவார். அதற்குப் பிறகு அது புதுக் கேள்வி இல்லை.

முதல் சில வருடங்கள் மழை மாதிரிக் கேள்விகள் கொட்டின. குக்கர் ஏன் விசில் அடிக்கிறது என்று ஷெர்லின் எழுதிய பதிலை மேகாலயாவில் ஒரு பிள்ளை அந்த ஊர்க் காசி மொழியில் கேட்டதாகச் சொன்னார்கள். அன்றைக்கு அவள் சாப்பிடவே மறந்துபோனாள். தங்கச்சிமடத்தில் வலை பின்னுகிறவர் வீட்டுப் பெண் ஒருத்தி இந்தக் களஞ்சியத்தை மட்டும் வைத்துப் படித்து மருத்துவக் கல்லூரிக்குப் போனாள். அப்படிப் போனவர்கள் ஏராளம். சட்டம் செய்ய வேண்டியதைச் செய்தது. அதை நினைக்கும்போதெல்லாம் ஷெர்லினுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பெருமையைச் சொல்லிக்கொள்ள எதிரே யாரும் இல்லை. அவள் எழுதியதை ஆயிரம் குரல்கள் சொல்லின. இங்கே வந்த பிறகு அவளுடைய குரலைக் கேட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாமலே ஐம்பதைத் தாண்டிவிட்டாள். அண்ணன் குடும்பம் மஸ்கட்டில் குடியேறிவிட்டது. இந்த வேலைக்காகத் திருச்சிக்கு வந்தவள், வேலை குறைந்த பிறகும் திரும்பிப் போக ஓர் இடம் இல்லாமல் இங்கேயே தங்கிவிட்டாள்.

அப்படி இருந்தபோதுதான் ஒரு முற்பகலில் திரை விழித்துக்கொண்டது. தமிழ்ப் பிள்ளை, வயது பத்து. வேறு விவரம் இல்லை. கேள்வி இதுதான்: ‘ஊதா பலூன் ஒண்ணு பறந்துக்கிட்டே அழுதா அது கீழ விழுமா, மேல போகுமா?’

ஷெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிறுக்குத்தனமான கேள்வி என்று தள்ளிவிட மனசு வரவில்லை. ‘மேலேதான் போகும். பலூன் தனக்குள்ளே கண்ணீரைச் சுமந்துகொண்டு மிதக்கிறது. கண்ணீருக்கும் எடை உண்டு. அழுதால் அந்தப் பாரம் வெளியே போய்விடும்’ என்று எழுதினாள். எழுதியதை நாலைந்து முறை படித்துப் பார்த்து, ஒரு சொல்லை மாற்றி, பிறகு பழைய சொல்லையே போட்டு அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து இன்னொன்று வந்தது. ஓர் ஊதா எறும்பு கிணற்றுக்குள் விழுந்து கிடக்கிற நிலாவை நக்கிப் பார்த்தால் ஜில்லென்று இருக்குமா என்று. இருக்கும், ஆனால் அது தண்ணீரின் குளிர்ச்சி, நிலாவின் குளிர்ச்சி இல்லை, கிணற்றுக்குள் வந்திருப்பது நிலாவின் வெளிச்சம் மட்டும் என்று விளக்கினாள். எறும்பு வாயை வைத்ததும் தண்ணீர் அசைந்து நிலா துண்டு துண்டாகும், கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்றும் சேர்த்தாள். அடுத்தது ஊதாப் பென்சில். அது தூங்கும்போது கனவில் எழுதினால் முனை தேயுமா? தேயாது என்று எழுதி, கனவு காணும்போது கை கால்கள் அசையாதபடி மூளை எப்படி அடக்கி வைக்கிறது என்பதையும் சொன்னாள்.

அந்தப் பிள்ளைக்கு மனசுக்குள் ஊதா என்றே பெயர் வைத்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது ஊதா அடுத்து என்ன கேட்கும் என்று யோசித்துப் பார்ப்பாள். பதிலை எழுதிவிட்டு ஜன்னல் வழியே பணிமனைக் கூரைகளைப் பார்த்துக்கொண்டு, இந்நேரம் படித்திருக்குமா, சிரித்திருக்குமா என்று நினைப்பாள். வீட்டில் தட்டு கழுவும்போதுகூட அந்த நினைப்பு கூட வந்தது. அதுவரை அந்த வீட்டுக்குள் அவளோடு கூட வந்தது எதுவும் இல்லை.

பிறகு நாலாவது கேள்வி வந்தது.

‘ஊதா கேக்குது. பலூனுக்குப் பதில் சொன்னவங்களும் எறும்புக்கும் பென்சிலுக்கும் பதில் சொன்னவங்களும் ஒரே ஆளா?’

விரல்கள் தாமாகவே ‘ஆமாம், நான்தான்’ என்று அடித்துவிட்டன. அனுப்பப் போகும்போது கை நின்றது. இந்தப் பதில் ஊதாவோடு நிற்காது. நாளைக்கு இன்னொரு பிள்ளை, வேறு ஒரு மூலையில், இதே மாதிரிக் கேட்கும். களஞ்சியம் அந்தக் கணமே ‘ஆமாம், நான்தான்’ என்று சொல்லும். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அடித்ததை அழித்தாள். கேள்வி திரையிலேயே கிடந்தது. மறுநாளும் கிடந்தது. பதில் வராமல் ஊதா காத்திருக்கும் என்பது தெரிந்தும் அவளால் ஒன்றும் எழுத முடியவில்லை.

அந்த வாரம் சென்னையிலிருந்து இம்தியாஸ் வந்தான். களஞ்சியத்தின் பொறியாளர்களில் மூத்தவன். பதில் நிலையங்கள் தொடங்கின நாளிலிருந்து அவளுக்குப் பழக்கம். வழக்கமாகத் திரையில்தான் பேசுவான். நேரில் வந்திருக்கிறான் என்றால் நல்ல செய்தி இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் பேசினான். பிறகு, மாதக் கடைசியில் கேள்விகளைச் சலிக்கிற புதுச் சல்லடை வருகிறது என்றான். இப்போது இருப்பது கேள்வியை முழுசாகப் பார்த்து, இது ஏற்கெனவே வந்ததா என்று தேடும். புதியது கேள்வியைப் பிரித்துப் பார்க்கும்.

“பலூன் ஏன் மிதக்குதுன்னு யாரோ கேட்டிருக்காங்க. பாரம் குறைஞ்சா என்ன ஆகும்னு வேற யாரோ கேட்டிருக்காங்க. ரெண்டையும் சேர்த்து அதுவே சொல்லிடும், டீச்சர். இனிமே இங்க எதுவும் வராது.”

அவன் பலூனைச் சொன்னதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். சென்னையிலும் அதைக் கவனித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை யார் என்று கேட்டாள். தனக்கும் தெரியாது, பிள்ளைகளின் பெயர் யாருக்கும் தெரியக்கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது, உங்களை மாதிரி டீச்சர்கள் போராடி வாங்கிய பிரிவுதானே அது என்றான்.

“ஆனா ஒண்ணு புரியுது” என்றான் இம்தியாஸ். “ஏற்கெனவே இருக்கிற பதில் உடனே வந்திடும். புதுக் கேள்வின்னா தாமதமா வரும். தாமதமா வந்தா எங்கேயோ ஒரு ஆள் உட்கார்ந்து எழுதுறாங்கன்னு அர்த்தம். அந்தப் பிள்ளை அதைக் கண்டுபிடிச்சிருக்கு. அந்தத் தாமதத்துக்காகத்தான் இப்படி எல்லாம் கேக்குது.”

ஷெர்லின் திரையை அவன் பக்கம் திருப்பி நாலாவது கேள்வியைக் காட்டினாள். தன்னால் ஏன் எழுத முடியவில்லை என்பதையும் சொன்னாள். அவன் குனிந்து படித்தான். ஊதா என்ற சொல்லால்தான் இது சல்லடையில் தப்பி வந்திருக்கிறது, இல்லையென்றால் இந்த மாதிரிக் கேள்விக்கு ஏற்கெனவே இருக்கிற பழைய பதிலே போயிருக்கும் என்றான். களஞ்சியத்திலேயே அதிகம் பேருக்குப் போன பதில் ஒன்று இருக்கிறது, அது பாடமே இல்லை, ‘யாராவது இருக்கீங்களா’ என்ற கேள்விக்கான பதில் என்றான்.

அப்படி ஒரு கேள்வி அவ்வளவு பேர் கேட்கிறார்களா என்று ஷெர்லின் வியந்தாள். தினமும் கேட்கிறார்கள், எல்லா மொழியிலும் கேட்கிறார்கள், பெரும்பாலும் பள்ளி விட்டு வந்து வீட்டில் ஆள் வருகிற வரைக்கும் உள்ள நேரத்தில் என்றான் அவன். ஆபத்தில் இருக்கிற பிள்ளைகளின் பேச்சு வேறு வழியாகப் போகும், அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். இவர்கள் ஆபத்தில் இல்லை. சும்மா கேட்கிறார்கள்.

“என்ன பதில் போகுது?”

இம்தியாஸ் அதைத் திறந்து காட்டினான். ‘நான் இருக்கேன். உனக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன். எப்ப வேணும்னாலும் கூப்பிடு, நான் இங்கேயே இருப்பேன்.’ அடியில் சின்ன எழுத்தில் எழுதியவர் பெயர் இருந்தது. பிள்ளைகள் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். ஷெர்லின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். அவளுடைய பெயர்.

அவளுக்கு ஞாபகம் வந்தது. நிலையம் தொடங்கிய முதல் மழைக்காலம். மூன்று மாடியிலும் ஆள் நிறைந்திருந்த நேரம். ஏதோ ஒரு பிள்ளை அந்தக் கேள்வியை அனுப்பியது. அவள் அப்போது உண்மையிலேயே உட்கார்ந்திருந்தாள். உண்மையைத்தான் எழுதினாள். அந்தப் பிள்ளை மறுபடி கூப்பிடும் என்று அன்று சாயங்காலம் கிளம்பாமல்கூடக் காத்திருந்தாள். அது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் களஞ்சியம் அந்தப் பதிலையே திரும்பச் சொல்லியிருக்கும். அவளிடம் வந்திருக்காது.

“இதை எடுத்துடுங்க” என்றாள்.

முடியாது என்றான் அவன். கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. அதுவும் சட்டம்தான். யாரோ ஒரு பணக்காரர் நாளைக்கு மனசு மாறித் தன் பாடங்களைத் திரும்பப் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்று போட்ட விதி. வேண்டுமானால் திருத்தலாம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம், சரிபார்க்க இன்னொருவர் தன் பெயரைப் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் திருத்த வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்றான். அந்தப் பதிலைக் கேட்டு அழுகையை நிறுத்திய பிள்ளைகள் எவ்வளவோ பேர். பொய்யாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதையும் எடுத்துவிட்டால் அந்த நேரத்தில் அவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பொய்யைச் சொல்லியாவது ஒரு பிள்ளையைத் தேற்றுவது தப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் பதில் உடனே வந்ததை வைத்தே ஊதா அந்தப் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்த பிறகும் விடாமல், பலூனையும் எறும்பையும் கையில் பிடித்துக்கொண்டு ஆளைத் தேடி வந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இனி என்ன சொல்வது?

மத்தியானம் இருவரும் பக்கத்துக் கடையில் சாப்பிட்டார்கள். அவன் விடுதிக்குப் போய்விட்டான். அவள் திரும்பி வந்து பழைய பதிலைத் திருத்தி எழுத உட்கார்ந்தாள். எத்தனையோ பதில்கள் எழுதிய கைக்கு இது வரவில்லை. எழுதுவாள், அழிப்பாள். வெயில் சாய்கிற நேரத்தில் இப்படி நின்றது:

‘இதை எழுதியவள் ஒரு மனுஷி. ஆனால் நீ கேட்கிற இந்த நேரத்தில் அவள் இங்கே இல்லை. இது அவள் எப்போதோ எழுதி வைத்தது. அதனால் இங்கே யாராவது இருக்கிறார்களா என்றால், இல்லை என்பதுதான் உண்மை. பலகையைக் கீழே வைத்துவிடு. உனக்குப் பிடித்தவர் யார் பக்கத்தில் இருக்கிறாரோ, அவரிடம் போய் ஒரு கேள்வி கேள். யாரும் இல்லையென்றால் வருகிற வரைக்கும் கேள்வியை மனசிலேயே வைத்திரு. அவருக்குப் பதில் தெரியாமல் போகலாம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.’

மறுநாள் காலை இம்தியாஸ் வந்து நின்றுகொண்டே படித்தான். பெற்றோர்கள் கோபப்படுவார்கள் என்றான். மேலிடத்தில் தன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்றான். அவள் வற்புறுத்தவில்லை. அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

“எங்க வீட்லயும் அந்தப் பதில் வந்திருக்கு, டீச்சர். பையன் கேட்டிருக்கான். பலகையில பதிஞ்சிருந்ததைப் பின்னாடி பார்த்தேன்.” வெளியே பார்த்தபடி சொன்னான். “நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன்.”

பிறகு மேஜைக்கு வந்து, அவள் பெயருக்குக் கீழே தன் பெயரைப் போட்டான்.

அந்தத் திருத்தத்தையே காத்திருந்த நாலாவது கேள்விக்கும் பதிலாகப் போட்டதும் அது திரையிலிருந்து போய்விட்டது. இப்போது அதற்குக் களஞ்சியத்தில் பதில் இருந்தது. ஊதா அதைப் படித்திருக்கும். அன்று முழுக்க ஷெர்லின் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த நாளும். புதுச் சல்லடை வருகிற வரைக்கும் நாட்கள் மிச்சம் இருந்தன. ஊதாப் பூனை, ஊதா மழை, எதுவும் வரவில்லை. கோபித்துக்கொண்டதா, எழுந்து யாரிடமாவது போனதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ‘சரி’ என்று அது சொல்லியிருக்கலாம். அது கேள்வி இல்லை என்பதால் நிலையத்துக்கு வந்திருக்காது.

வெளியே கொஞ்சம் சத்தம் எழுந்தது. பிள்ளைகளைப் பலகை கைவிட்டுவிட்டது என்று பெற்றோர் சங்கம் ஒன்று அறிக்கை விட்டது. வேலை முடிந்து களைத்து வருகிற நேரத்தில் பிள்ளை வந்து தொணதொணக்கிறது என்று ஒருவர் பத்திரிகைக்கு எழுதினார். சில மாநிலங்கள் பழைய பதிலையே தங்கள் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டன. அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. இம்தியாஸை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அதை அவனே சொல்லி, பெரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னான். மாதக் கடைசியில் சல்லடை வந்தது. நிலையத்தை மூட உத்தரவும் வந்தது. சாவியை வாங்கிக்கொள்ள வந்த அதிகாரி அவசரத்தில் இருந்தார். ஷெர்லின் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, தண்ணீர் பாட்டிலையும் மதியச் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டோடு இருந்தாள். பொன்மலைப்பட்டியில் ஒரு குடியிருப்பின் மேல்மாடி. காலையில் மார்க்கெட், பிறகு சமையல், பிறகு நீண்ட பகல். கீழ்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. மாடிப்படியில் பார்த்தால் சிரிப்பார்கள், இவளும் சிரிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து திரும்பும்போது, பூசை முடிந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டோம் என்பது வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவள் தன் பழைய பலகையை எடுத்து, பிள்ளைகள் கேட்பது போலவே ‘யாராவது இருக்கீங்களா’ என்று கேட்டுப் பார்த்தாள். அந்தக் கணமே பதில் வந்தது, ஓர் இளம் பெண்ணின் குரலில், அவளுடைய சொற்களில். பலகையைக் கீழே வைத்துவிடு என்றது. வைத்தாள். பக்கத்தில் பிடித்தவர் யாரும் இல்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் கீழ்வீட்டுப் பெண். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். கையில் சமையல் ஈரம் இன்னும் காயவில்லை. பெயர் வர்ஷிகா என்றாள். தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும், நீங்கள் டீச்சராக இருந்தவர் என்று வாட்ச்மேன் சொன்னார், ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்றாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

“எம் பொண்ணு என்கிட்ட ஒண்ணு கேட்டுட்டா, டீச்சர். எப்பவும் பலகையிலதான் கேப்பா. இப்ப வந்து என்கிட்ட கேக்குறா. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல.”

என்ன கேட்டாள் என்று ஷெர்லின் விசாரித்தாள். பல்லி கூரையில் தலைகீழாக நடக்கிறதே, அதற்குத் தலை சுற்றாதா என்று கேட்டாளாம். வர்ஷிகா அதைச் சொல்லும்போது வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

ஷெர்லினுக்குப் பதில் தெரியும். பல்லியின் காதுக்குள் இருக்கிற நீரைப் பற்றி, அதன் விரல்களில் இருக்கிற மயிரிழைகளைப் பற்றி எல்லாம் அவள் எழுதியிருக்கிறாள். சொல்வதற்கு வாயைத் திறந்தாள். பிறகு வேறு ஒன்று கேட்டாள்.

“நீங்க அவகிட்ட என்ன சொன்னீங்க?”

“தெரியாதுன்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. கோவிச்சுக்குவான்னு நினைச்சேன். எழுந்து போகல. அங்கேயே உட்கார்ந்திருக்கா. பல்லியைப் பார்த்துக்கிட்டு இருக்கா.”

“எங்க?”

“அடுப்படியில. நான் நின்ன இடத்துக்குப் பக்கத்துல.”

மழை படிக்கட்டில் சாரலாக அடித்தது. அந்தப் பெண் பதிலுக்காகக் காத்திருந்தாள். அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு டீ போட்டுக் கொடுத்து, பல்லியின் கதையை முழுக்கச் சொல்ல ஷெர்லினுக்கு எவ்வளவோ ஆசையாக இருந்தது. எதிரே ஓர் ஆள் நின்று அவளிடம் ஒன்றைக் கேட்டு எத்தனை காலமாயிற்று.

“போங்கம்மா” என்றாள். “போய் அவ பக்கத்துல உட்காருங்க. ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க. பல்லி ஓடிப்போயிடப் போகுது.”

“பதில்?”

“நாளைக்குச் சொல்றேன். அவசரமில்ல.”

வர்ஷிகாவுக்கு முழுக்கப் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். படிக்கட்டில் பாதி இறங்கியவள் நின்று மேலே பார்த்தாள்.

“நீங்க தனியாவா இருக்கீங்க, டீச்சர்?”

ஷெர்லின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கேள்விக்கு அவள் இதுவரை பதில் எழுதியதில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

“ஆமாம்மா” என்றாள்.

வர்ஷிகா கொஞ்சம் நின்றாள். சரி என்று சொல்லிவிட்டு, சேலையை மழையில் நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு சின்னப் பிள்ளையின் குரல் ஏதோ கேட்டது, என்ன என்று இங்கே தெளிவாகக் கேட்கவில்லை. தாய்க்காரி என்ன சொன்னாள் என்பதும் கேட்கவில்லை. பிறகு இருவரும் சிரித்தார்கள். கதவு சாத்திக்கொண்டது.